பட்டனா, நீலச் சாயமா?

உங்கள் அம்மா ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? சும்மா கேட்கவில்லை. போன வருஷம் ஆவணி மாதம் வரைக்கும் எனக்கும் தெரியாது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், அத்தனை பேர் முன்னாலும் அசிங்கப்பட்ட பிறகுதான் தெரிந்தது.

எங்கள் ஊர் தாயில்பட்டிப் பக்கம். அம்மா பட்டாசுக் கம்பெனி ஷெட்டில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கிறாள். நான் காலேஜ் முடித்துவிட்டு சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் டிசைனராக இருக்கிறேன். பட்டாசுப் பெட்டி மேலே சிங்கம், ராக்கெட், பல்லைக் காட்டிச் சிரிக்கிற குழந்தை என்று பளபளவென ஒட்டியிருக்குமே, அந்த லேபிள்தான் என் பிழைப்பு. மங்கலான போட்டோவைக் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் பளிச்சென்று ஆக்கிவிடுவேன். ஆபீசில் அதற்கு நல்ல பெயர். எனக்கு அதற்கு மேலே கொஞ்சம் திமிர்.

அம்மாவுக்குப் பத்து வருஷமாகப் பெருங்குடலில் புண். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். தெருவில் அதையெல்லாம் விளக்க முடியாது என்பதால் வயிற்றுப் புண் என்றே சொல்லிவைத்திருந்தோம். கிளம்பிவிட்டால் ரத்தமும் சளியுமாகப் போகும், ஒரு நாளைக்கு எட்டுத் தடவை ஓட வேண்டியிருக்கும். மாத்திரைக்குக் கட்டுப்பட்டு அடங்கினால் மாதக் கணக்கில் சத்தமே இருக்காது. போன வருஷம் நன்றாகவே அடங்கியிருந்தது. ஆனாலும் வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் விடவில்லை. இத்தனை வருஷம் புண்ணாகவும் ஆறியும் வந்த குடல் சில பேருக்கு மெதுவாகப் புற்றுநோய்ப் பக்கம் திரும்பும், வலியே இல்லாவிட்டாலும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்.

பக்கத்து டவுனில் பார்த்தோம். சாதாரண வெள்ளை வெளிச்சத்தில் பார்த்ததில் கண்ணுக்குத் தப்பாக ஒன்றும் படவில்லை. அப்படி இருந்தாலும் அங்கங்கே துளித் துளியாகச் சதையைக் கிள்ளி டெஸ்ட்டுக்கு அனுப்புவது முறையாம். முப்பதுக்கு மேல் துணுக்கு எடுத்தார்கள். அதில் ஒரே ஒரு துணுக்கில் செல்கள் மாற ஆரம்பித்திருக்கின்றன என்று ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தைய படி.

சிக்கல் என்னவென்றால், அந்தத் துணுக்கு குடலின் இடது பக்கத்திலிருந்து எடுத்தது என்பது மட்டும்தான் தெரியும். சரியாக எந்த இடம் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எந்த இடமும் வித்தியாசமாகத் தெரியவில்லை. தெரியாத இடத்தை மட்டும் எப்படி வெட்டி எடுப்பது? மொத்தப் பெருங்குடலையும் எடுத்துவிடுவது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று ஆபரேஷன் டாக்டர் சொன்னார். மலம் போக வயிற்றில் ஓட்டை போட்டுப் பை வைக்க வேண்டி வரலாம் என்றும் சொன்னார். அம்மா அழவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பையோட ஷெட்டுக்குள்ள விடுவாகளா?"

எங்கள் டாக்டர்தான் மதுரைக்கு எழுதிக்கொடுத்தார். இந்த மாதிரி மறைந்திருக்கிற இடத்தைத் தேடிப் பிடிப்பதிலேயே பழகிய ஒரு லேடி டாக்டர் அங்கே இருக்கிறார், கத்தி வைப்பதற்கு முன்னால் அவர் ஒரு தடவை பார்க்கட்டும் என்றார். அவர் கண்ணில் அந்த இடம் பட்டுவிட்டால் அதை மட்டும் குழாய் வழியாகவே எடுத்துவிடலாம், குடல் தப்பும். படாவிட்டால் குடல் போகும். விஷயம் அவ்வளவுதான்.

நான் சும்மா இருப்பேனா? நாலு நாள் நெட்டில் உட்கார்ந்து படித்தேன். மூன்று வழி இருப்பது தெரிந்தது. ஒன்று, துல்லியமான கேமராவை வைத்து வெள்ளை வெளிச்சத்திலேயே நிதானமாகப் பார்ப்பது. இரண்டாவது, குடல் சுவர் முழுக்க நீலச் சாயத்தைத் தெளித்துப் பார்ப்பது. மூன்றாவது, குழாயில் இருக்கிற ஒரு பட்டனை அமுக்கினால் வெளிச்சத்தின் நிறமே மாறி, ரத்தக் குழாய்கள் எல்லாம் தனியாகத் தூக்கித் தெரியும். பட்டனைப் பார்த்ததும் நான் விழுந்துவிட்டேன். சாயம் தெளிப்பதெல்லாம் பழைய காலத்து வேலை, பட்டன் அமுக்குவது நம்ம ஆபீஸ் ஃபில்டர் மாதிரி என்று முடிவே கட்டிவிட்டேன். பதினாலு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு, எங்கள் அம்மாவுக்குப் பட்டன்தான் வேண்டும் என்று கேட்பதற்குத் தயாராக மதுரைக்குப் போனேன்.

டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஸ்கிரீன்ஷாட்டைக்கூடப் பார்த்தார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டுவிட்டு, அப்போ உனக்குச் சொன்னால் புரியும் என்று ஆரம்பித்தார். பட்டனை அவர் மட்டமாகச் சொல்லவில்லை. நல்ல கேமராவில், நன்றாக ஆறிய குடலில், பட்டனும் சாயமும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் என்று சொல்கிற டாக்டர்களும் உண்டு, வேலையும் சீக்கிரம் முடியும் என்றார். ஆனால் பட்டன் காட்டுவது பெரும்பாலும் ரத்தக் குழாய்களின் ஓட்டத்தை. அம்மாவின் குடல் பத்து வருஷம் வெந்து ஆறிய குடல், அங்கே ரத்தக் குழாயெல்லாம் ஏற்கெனவே சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரிக் கிடக்கும், அதில் எது புதுச் சிக்கு என்று கண்டுபிடிப்பது கஷ்டம். சாயம் அப்படி இல்லை. அது சதைக்குள் ஊறாது, மேலே ஓடிப் போய்ப் பள்ளத்தில் தங்கும். மேடும் பள்ளமும் தனித்தனியாகத் தெரியும். இந்தக் குடலுக்கு நான் சாயத்தைத்தான் நம்புவேன் என்றார்.

நான் விடுவதாக இல்லை. படத்தில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் அதே மேடு பள்ளம் தெரியாதா என்று கேட்டேன்.

"கேமராவுல விழாததை எப்படிம்மா கூட்டுவ?" என்றார் டாக்டர்.

எனக்கு அப்போதும் ஏறவில்லை. எதிர்வாதத்துக்கு வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்த அம்மா, தன் வலது கையை மேஜை மேல் மல்லாத்தி நீட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று காலையில் எண்ணெய் போட்டு, சோப்புப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிய கை. அப்படியும் ரேகைகளுக்குள் மட்டும் அலுமினியப் பவுடர் வெள்ளிக் கோடாக நின்றிருந்தது.

"டாக்டரம்மா, நாங்க பூச்சட்டிக்கு மருந்து அடைச்சிட்டுக் கை கழுவினா மேலுக்குப் போயிரும், பள்ளத்துல மட்டும் நிக்கும். இங்கன பாருங்க, அடுப்புல சுட்ட தழும்பு. லீவு நாள்ல எங்கன இருக்குன்னு எனக்கே தெரியாது. வேலைக்குப் போன அன்னைக்கு மட்டும் ஓரம் தெரியும். நீங்க சொல்றது இப்படித்தான?"

டாக்டர் அந்தக் கையைப் பிடித்து, மேஜை விளக்கை இழுத்து, கொஞ்ச நேரம் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கட்டை விரலுக்குக் கீழே ஒரு புளியங்கொட்டை அளவில் சப்பையான தழும்பு, சுற்றிலும் மெல்லிய வெள்ளி ஓரம். அந்தக் கை எனக்குச் சோறு ஊட்டிய கை. அந்தத் தழும்பை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

"இதேதாம்மா," என்றார் டாக்டர். நான் ஸ்கிரீன்ஷாட்டை மூடினேன்.

கிளம்பும்போது அவர் ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னார். சாயம் தெளிக்க வேண்டும் என்றால் குடல் கண்ணாடி மாதிரிச் சுத்தமாக இருக்க வேண்டும். குடலைக் கழுவுகிற பேதிப் பவுடரை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, முதல் நாள் சாயங்காலம் ஒரு லிட்டர், அன்றைக்கு விடிகாலையில் ஒரு லிட்டர். வெளியே போவது தெளிந்த தண்ணீராகப் போகிற வரைக்கும் விடக் கூடாது. குடிக்கவைப்பது உன் பொறுப்பு என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இது ஒரு விஷயமா என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

சோதனைக்கு முதல் நாள் சாயங்காலம் அம்மா என் கண் முன்னால்தான் குடித்தாள். என் ஒரு கண் போனில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விடிகாலையில் இரண்டாவது லிட்டரை ஜக்கில் கலந்து கையில் கொடுத்துவிட்டு நான் குளிக்கப் போனேன். வந்து பார்த்தபோது ஜக்கு காலி. சபாஷ் என்று தோளில் தட்டினேன். முதல் பஸ்ஸைப் பிடித்து, சாத்தூரில் மாறி, மதுரை போய்ச் சேர்ந்தோம்.

அம்மா உள்ளே போய்க் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, டாக்டர் வெளியே வந்துவிட்டார். குடல் சுத்தமாகவில்லை. இந்த நிலைமையில் சாயம் தெளித்தால் அழுக்கின் மேல்தான் ஒட்டும், எதுவும் தெரியாது. நிறுத்திவிட்டேன் என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. சொன்னபடி ரெண்டு லிட்டரும் குடித்தாயிற்று, உங்கள் பவுடர்தான் சரியில்லை, பட்டன் போட்டுப் பார்த்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது என்று கத்தினேன். (அழுக்கு இருந்தால் பட்டனிலும் ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில் யார் யோசித்தது?) நர்ஸ் என்னை உட்காரச் சொன்னார். நான் அந்த நர்ஸ் மேலேயும் பாய்ந்தேன். வரிசையில் காத்திருந்த பத்துப் பதினைந்து பேரும் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அதே நேரம் அம்மாவைத் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுவந்தார்கள்.

"சத்தம் போடாத புள்ள," என்றாள் அம்மா, கூரையைப் பார்த்துக்கொண்டே. "அவுக மேல தப்பில்ல. காலையில உள்ளதை நான்தான் கொட்டிட்டேன். சாயங்காலமும் பாதிதான் குடிச்சேன்."

டாக்டர்தான் ஏன் என்று கேட்டார். அதட்டாமல், பக்கத்தில் வந்து குனிந்து கேட்டார்.

பஸ்ஸில் வரும்போது வந்துவிட்டால் என்ன செய்ய என்றாள் அம்மா. அது முதல் பதில். டாக்டர் நகராமல் நின்றதால் மீதியும் வந்தது. பூச்சட்டி வேலையில் இரண்டு பேர் ஒரு ஜோடி. எதிரெதிரே உட்கார்ந்து, பூச்சட்டிக் கூடுகள் அடுக்கிய ஒரு தட்டை இரண்டு பேருமாக அடைத்து முடிக்க வேண்டும். ஒருத்தி எழுந்தால் இன்னொருத்தி கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கக்கூஸ் இருப்பது காம்பவுண்டின் அந்தக் கோடியில். சீசன் நேரத்தில் ஆர்டர் குவிந்து கிடக்கும்போது யார் எழுவாள்? அதனால் ஷெட்டில் எல்லாப் பெண்களுமே தண்ணீரைக் குறைத்துத்தான் குடிப்பார்கள். அம்மாவுக்கு இந்த வியாதி வேறு. காலையில் வேன் ஏறுவதற்கு முன்னால் சாப்பாடும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. மத்தியானம் ஒரு டம்ளர். வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர்.

"பத்து வருசமா அப்படித்தான். வயித்துக்குள்ள தண்ணி போகுதுன்னாலே எனக்குப் பயமா இருக்கு டாக்டரம்மா. ரெண்டு லிட்டரைப் பார்த்ததும் கை தானாக் கொட்டிருச்சு."

நான் ஆபீசுக்குக் கொண்டுபோகிற பாட்டிலில் மணி வாரியாகக் கோடு போட்டிருக்கும். பத்து மணிக்கு இவ்வளவு, பன்னிரண்டு மணிக்கு இவ்வளவு என்று. தண்ணீர் குடிக்க மறக்கக் கூடாதாம். அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் அந்த வராண்டாவில் நின்றிருந்தேன். அதை அப்படியே ஜன்னல் வழியாகத் தூக்கி எறியலாம் போல இருந்தது. நர்ஸிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை, அடுத்த தடவை ஒழுங்காகக் குடிக்கவை என்றுதான் சொன்னார். நியாயம்தான்.

டாக்டர் அம்மாவைத் திட்டவே இல்லை. இந்தத் தடவை பஸ் பயமே வேண்டாம், முதல் நாள் மத்தியானமே வந்து படுத்துவிடுங்கள், கக்கூஸ் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிற அறையாகத் தரச் சொல்கிறேன் என்றார். இரண்டு வாரம் தள்ளித் தேதி கொடுத்தார். அதற்கு மேல் தள்ள வேண்டாம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

புரட்டாசியில் மறுபடியும் போனோம். இந்தத் தடவை நான் முழு ஏற்பாட்டோடு போனேன். எக்ஸெல் ஷீட் போட்டு, பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் என்று போனில் அலாரம் வைத்திருந்தேன். கூடவே அம்மாவின் ஜோடியும் வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்தான். எனக்கு அத்தை, அம்மாவும் அவரும் ஒருத்தருக்கொருத்தர் மதினி. சீசன் உச்சத்தில் இருக்கும்போது லீவு போட்டுவிட்டு எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டேன். நீங்கள் இல்லாமல் எனக்கு மட்டும் எதிரே யார் உட்காரப் போகிறார்கள் என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். முதல் டம்ளர் போனது. இரண்டாவது போனது. நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், எலுமிச்சை வாசனை போட்ட உப்புக் களி மாதிரி இருந்தது. நர்ஸ் பார்த்துவிட்டு எனக்குத் தனியாக ஒரு திட்டுக் கொடுத்தார். மூன்றாவது டம்ளரில் அம்மா உட்கார்ந்துவிட்டாள். குமட்டுகிறது, போதும் என்றாள். அலாரம் அடித்தது. அணைத்தேன். திரும்ப அடித்தது. நான் ஷீட்டைக் காட்டினேன், குடல் போய்விடும் என்று பயம் காட்டினேன், கெஞ்சினேன். அம்மா டம்ளரைப் பார்க்கவே மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

அத்தை அதுவரைக்கும் மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். கட்டில் மேல் ஏறி, அம்மாவுக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துவைத்தார். தன் பக்கம் ஒரு டம்ளர் வெறும் தண்ணீர், அம்மா பக்கம் ஒரு டம்ளர் கரைசல். தன்னுடையதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை டொக்கென்று வைத்தார்.

"என்ன மதினி, நான் முடிச்சுட்டேன். நீங்க இன்னும் கையே வைக்கல."

அம்மா திரும்பிப் பார்த்தாள். "நீங்க குடிக்கிறது பச்சத் தண்ணி. நான் குடிக்கிறது என்ன கண்றாவியோ."

"தட்டுல உக்காந்தப்புறம் சாக்குச் சொன்னா போர்மேன் கேப்பாரா? எந்திரிங்க. நான் அடுத்ததுக்குப் போறேன்."

அம்மா எழுந்தாள். எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. இருபது வருஷமாக இந்த இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, யார் கை முந்துகிறது என்று பார்த்துப் பார்த்தே தட்டை முடிக்கிறவர்கள். அந்தப் போட்டியில்தான் அம்மா தண்ணீர் குடிப்பதையே விட்டாள். அதே போட்டியை அத்தை தூக்கி ஆஸ்பத்திரிக் கட்டில் மேல் வைத்துவிட்டார். அம்மா டம்ளரை எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மடமடவென்று இறக்கி, அதே மாதிரி டொக்கென்று வைத்தாள். பிறகு இரண்டு பேரும் நிற்கவில்லை. நடுவில் அம்மா கக்கூசுக்குப் போனால் அத்தை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அத்தை போனால் அம்மா காத்திருந்தாள். பக்கத்து அறைக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். நர்ஸ் ஒருவர் டூட்டியை விட்டுவிட்டு அம்மா பக்கம் சேர்ந்துகொண்டார். நான் அலாரத்தை அணைத்துவிட்டேன்.

விடிகாலையில் இரண்டாவது லிட்டர். அன்றைக்கு அம்மா அத்தையைக் கூப்பிடவே இல்லை, அத்தை கண் விழிப்பதற்குள் இரண்டு டம்ளர் முந்திவிட்டிருந்தாள். இது ஏமாற்று வேலை என்று அத்தை சண்டைக்கு வந்தார். எட்டு மணிக்கு நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, குழாய்த் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று என்னிடம் கட்டை விரலைக் காட்டினார். போன தடவை நான் கத்தியது இதே நர்ஸிடம்தான்.

அம்மா உள்ளே போய் அரை மணி நேரம் கழித்து டாக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கவுன் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். அம்மா இடது பக்கமாக ஒருக்களித்து அரைத் தூக்கத்தில் இருந்தாள். எதிரே பெரிய திரை. குழாய், சந்தேகப்பட்ட இடது பக்கத்துக்கு வந்து நின்றிருந்தது. வெள்ளை வெளிச்சத்தில் ஈரமான ரோஸ் நிறச் சுவர், அங்கங்கே பழைய தழும்பு. டிசைனர் கண்ணாச்சே, எங்கே இருக்கிறது காட்டு என்றார் டாக்டர். ஒரு நிமிஷம் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

பட்டனை அமுக்கினார். நான் நாலு நாள் நெட்டில் ஏங்கிய அதே பட்டன். படம் பச்சையும் பழுப்புமாக மாறியது, ரத்தக் குழாய்கள் எல்லாம் கரும் நூலாக எழுந்து நின்றன. பார்க்க அவ்வளவு அழகு. நான் தைரியமாக மூன்று இடத்தைக் காட்டினேன். மூன்றும் ஆறிப்போன பழைய புண் என்றார்.

பிறகு சாயம். மெல்லிய நீலத் தூறலாகச் சுவர் மேல் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து, தேங்கியதை உறிஞ்சி எடுத்தார். குடல் சுவர் முழுக்க நுணுக்கமான நீலக் கோடுகள், ரேகை பதித்த மாதிரி வரிசை வரிசையாக. குழாயை அங்குலம் அங்குலமாகப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தார். ஒரு மடிப்பைத் தாண்டியதும் அந்தக் கோடுகள் ஒரு இடத்தில் சட்டென்று நின்றுவிட்டன. கட்டை விரல் நகம் அளவு ஒரு சப்பைத் திட்டு. சுற்றிலும் நீல ஓரம், உள்ளே கோடுகள் தாறுமாறாக. கொஞ்சம் முன்னால் பட்டனிலும் வெள்ளை வெளிச்சத்திலும் இதே மடிப்பை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இந்தத் தடவை யாரும் எனக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

"அதோ," என்றேன்.

"ம்," என்றார் டாக்டர். அந்த ஒரு எழுத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு மேஜிக் மாதிரிதான். திட்டுக்கு அடியில் ஊசியால் ஏதோ நீரை ஏற்றினார், அது கொப்புளம் மாதிரி மேலே எழும்பியது. மெல்லிய கம்பிச் சுருக்கைச் சுற்றிப் போட்டு இறுக்கி, முழுசாக ஒரே துண்டாக எடுத்தார். எடுத்த இடத்தைக் குட்டிக் கிளிப்பால் மூடினார். சுற்றியிருந்த சதையிலும் துளித் துளியாக எடுத்துக்கொண்டார். அம்மா கண்ணைத் திறக்காமலே, நாக்குக் குழற, கிடைச்சிருச்சா என்று கேட்டாள். கிடைச்சிருச்சு என்றேன். வெளியே வந்து அத்தையிடம் சொன்னதும், அவர் செய்த முதல் வேலை நேராகக் கக்கூசுக்குப் போனதுதான். அம்மா உள்ளே போனதிலிருந்து அடக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றிருக்கிறார்.

ரிப்போர்ட் வரப் பத்து நாள் ஆனது. அதுதான் உண்மையான பரீட்சை. எடுத்த துண்டின் ஓரத்தில் கெட்ட செல் ஒட்டிக்கொண்டிருந்தாலோ, சுற்றிலும் பரவியிருந்தாலோ, பழையபடி ஆபரேஷன் பேச்சுதான். அம்மா நாலு நாள் படுத்துவிட்டு, டாக்டர் சரி என்றதும் வேலைக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் ஆபீசில் கை ஓடவில்லை. பத்தாவது நாள், ஒரு ராக்கெட் லேபிளில் நெருப்பின் நிறத்தைச் சரிசெய்துகொண்டிருந்தபோது டாக்டரே போன் செய்தார். மாற்றம் ஆரம்ப நிலைதான். ஓரம் முழுக்கச் சுத்தம். சுற்றிலும் எடுத்ததிலும் எதுவும் இல்லை. ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்.

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது, அதனால் அம்மாவைக் கூப்பிட வழியில்லை. முதலாளியிடம் சொல்லக்கூட நிற்காமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். கேட்டில் வாட்ச்மேன் என் போனை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, உள்ளே விட முடியாது என்றார். சொல்லி அனுப்பினால் போதும் என்றேன். சொல்லி அனுப்பினார்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. சீசனில் அதைவிட மோசமான நேரம் கிடையாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மா வருவாள் என்று வேப்ப மரத்தடியில் நின்றேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வேகாத வெயிலில், கை முழுக்க வெள்ளியாக, அம்மா நடந்து வந்துகொண்டிருந்தாள். தட்டைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறாள். பின்னாலேயே அத்தை. இரண்டு பேருக்கும் பின்னால் போர்மேன், சீசன் நேரத்தில் இப்படி ஆள் ஆளுக்கு எழுந்து போனால் லோடு எப்படிப் போகும் என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தார்.

கேட்டுக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னேன். ஓரம் சுத்தம், குடலை எடுக்க வேண்டாம் என்றேன். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தைதான் போர்மேன் பக்கம் திரும்பினார்.

"லோடு சாயங்காலத்துக்குள்ள போயிரும்ணே. இவுகளுக்குக் கத்தி இல்லைன்னு ஆயிருச்சு. ஒரு நிமிசம் நிக்க விடுங்க."

போர்மேனுக்கு விஷயம் அப்போதுதான் தெரியும். அவர் வாயை மூடிக்கொண்டு, வாட்ச்மேனின் குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா அண்ணாந்து, அத்தனை பேர் முன்னாலும், சொம்பு காலியாகிற வரைக்கும் குடித்தாள். நான் கேட்டுக்கு வெளியே நின்று, விசில் அடிக்காத குறையாகக் கையைத் தட்டினேன். அத்தையும் தட்டினார். வாட்ச்மேனும் எதற்கென்றே தெரியாமல் தட்டினார்.

இப்போது ஷெட்டில் அம்மாவும் அத்தையும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். தட்டு முடிந்தால் இரண்டு பேரும் வெளியே வந்து ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் அடுத்த தட்டில் உட்கார வேண்டும். மற்ற ஜோடிகளும் பழகிக்கொண்டிருக்கிறார்கள். கக்கூஸ் இன்னும் அந்தக் கோடியில்தான் இருக்கிறது. அதற்கு எல்லாருமாகச் சேர்ந்து மனு எழுதச் சொல்லியிருக்கிறார்கள், எழுதுவது நான்தான், வாய் நீளமானவள் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது.

இப்போதெல்லாம் யாராவது எனக்குத் தெரிந்த விஷயத்தைப் பற்றி மெதுவாகப் பேச ஆரம்பித்தால், முந்திக்கொண்டு பட்டனைத் தேடுவதில்லை. அவர்கள் கையை நீட்டுகிற வரைக்கும் பொறுத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு அம்மா நீட்டியிராவிட்டால் நான் கடைசி வரை சண்டை போட்டுக்கொண்டே இருந்திருப்பேன்.

பங்குனியில் மறுபடியும் சாயம் தெளித்துப் பார்த்தார்கள். இன்றைய தேதிக்கு, அம்மாவின் ஐந்தடிப் பெருங்குடலும் முழுசாக அம்மாவிடமே இருக்கிறது.